நீட் தேர்வுக்கு அட்டவணை போடும் முறை: திருப்புதலில் இருந்து தொடங்குங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நீட் எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சுவரில் ஓர் அட்டவணை ஏறிவிடும். காலை 4 மணிக்கு எழுவது, 4:15-க்கு இயற்பியல், 5:30-க்கு வேதியியல் என்று வண்ணப் பேனாவில் அழகாக இருக்கும். ஆடி முடிவதற்குள் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குச் சோம்பல் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அந்த அட்டவணையை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். புதுப் பாடம் படிக்க மட்டும்தான் அதில் இடம் இருக்கும். படித்ததைத் திரும்பப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஜூனில் படித்த இயக்கவியல் ஆகஸ்டில் மறந்துபோகும், மறந்தது தெரிந்ததும் பயம் வரும், அப்புறம் அட்டவணை மேலேயே வெறுப்பு வரும்.

அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் திருப்புதலுக்கான நாள்களைக் காலண்டரில் குறிப்போம். மிச்சம் இருக்கும் நேரத்தில் புதுப் பாடங்களை வைப்போம். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டே நீட் எழுதப் போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி எழுதுகிறவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

1. தேர்வின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீட் இளநிலைத் தேர்வு 180 கேள்விகள், 720 மதிப்பெண், 180 நிமிடம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள், 2022 முதல் நேரமும் 200 நிமிடம் இருந்தது. 2025-ல் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்யும்போது இதை மறக்காதீர்கள். 20 நிமிடம் கூடுதலாக எடுத்துப் பழகிவிட்டால் மே மாதம் சிக்கல்தான்.

மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி, 360, உயிரியலில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான். அதற்காக நேரத்திலும் பாதியை உயிரியலுக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு மதிப்பெண்ணுக்கு அதிக உழைப்பு கேட்பது இயற்பியல். நேரத்தை மூன்றுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரித்து, உங்களுக்கு எது தகராறோ அதன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கு வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள். 2025-ல் அகில இந்திய முதலிடமே 686 தான். கேள்வித்தாளின் கடினம் மாறினால் மதிப்பெண்ணின் பொருளே மாறிவிடுகிறது. தேர்ச்சி பெறுவது வேறு, சீட் கிடைப்பது வேறு என்பதும் நினைவிருக்கட்டும். மாநிலக் கலந்தாய்வில் உங்கள் பிரிவில் (பொது, பிசி, எம்பிசி, எஸ்சி என்று எதுவோ அது) கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அரசுக் கல்லூரி சீட் எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே கணக்கே வேறு.

2. நகராத தேதிகளைக் குறியுங்கள்

பெரிய மாதக் காலண்டர் ஒன்று வாங்குங்கள். கடையில் இலவசமாகத் தருகிற தினசரி கிழிப்பது வேண்டாம், முழு மாதமும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். அதில் நம்மால் மாற்ற முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்: செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு, ஜனவரியில் பள்ளித் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரி செய்முறைத் தேர்வு, மார்ச் பொதுத்தேர்வு, மே தொடக்கத்தில் நீட். நீட் விண்ணப்பமும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வந்து நிற்கும். 2025-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை இருந்தது. அதாவது செய்முறைத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் நடுவில். சாதிச் சான்றிதழ், புகைப்படம் இவற்றை டிசம்பர் விடுமுறையிலேயே தயார் செய்து வைக்கச் சொல்லி அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒப்படைத்துவிடுங்கள். அது உங்கள் வேலை இல்லை.

பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். "அன்றைக்கும் படிப்பேன்" என்று வீராப்பாக எழுதுகிற அட்டவணைதான் முதலில் உடைகிறது. கூடவே மாதத்தில் இரண்டு நாள்களைக் காலியாக விடுங்கள். காய்ச்சல் வரும், மின்சாரம் போகும், ஒரு பாடம் நினைத்ததைவிட இழுக்கும். அதையெல்லாம் சரிக்கட்ட அந்த நாள்கள் வேண்டும்.

3. கையில் இருக்கும் நேரத்தை எண்ணுங்கள்

பள்ளிக்குப் போய் வருகிற பிள்ளைக்கு ஒரு நாளில் பத்து மணி நேரம் கிடைக்காது. காலை 5:15 முதல் 6:45 வரை ஒன்றரை மணி. இரவு ஏழிலிருந்து சாப்பாட்டு இடைவெளி போக இரண்டரை மணி. நாளுக்கு 4, ஆறு நாளுக்கு 24. ஞாயிறு ஆறு மணி நேரம். ஆக வாரம் 30 மணி. டியூஷன் அல்லது பயிற்சி மையம் போகிறவர்களுக்கு அந்த வகுப்பு நேரமும் பயண நேரமும் இதில் கழியும். வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் படித்த நேரமாக எண்ணாதீர்கள்.

தூக்கத்தை வெட்டி இந்த 30-ஐ 40 ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். ஏழு மணி நேரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பாடங்களை எண்ணுங்கள், வடிகட்டுங்கள்

தற்போதைய என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) புத்தகங்களின்படி பிளஸ் ஒன்னில் இயற்பியல் 14, வேதியியல் 9, உயிரியல் 19 பாடங்கள். பிளஸ் டூவில் 14, 10, 13. மொத்தம் 79. நம் மாநிலப் புத்தகங்களில் பாடங்களைப் பிரித்திருக்கும் விதம் வேறு, தாவரவியல், விலங்கியல் தனித்தனிப் புத்தகங்கள். ஆனால் சரக்கு பெரும்பாலும் ஒன்றேதான்.

நீட் பாடத்திட்டத்தை 2024 தேர்வுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் குறைத்தது. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள், செரிமானம், தாவரங்களில் கடத்துதல் போன்றவை போய்விட்டன. நம் மாநிலப் புத்தகத்தில் இவற்றில் பல இன்னும் இருக்கின்றன, பொதுத்தேர்வுக்கு வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் "இரண்டுக்கும்", "போர்டு மட்டும்", "நீட் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு மாலை வேலை பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பி-தொகுதித் தனிமங்கள் இப்போதைய என்சிஇஆர்டி புத்தகத்தில் இல்லை, ஆனால் நீட் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. சிபிஎஸ்இ பிள்ளைகள் பழைய புத்தகம் தேடுகிறார்கள். நம் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் அது முழுதாக இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டம் என்றால் பின்தங்கியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

உயிரியலில் மட்டும் என்சிஇஆர்டியின் வரிகளுக்கு நெருக்கமாகவே கேள்விகள் வருகின்றன. படங்கள், அட்டவணைகள், எடுத்துக்காட்டு உயிரிகளின் பெயர்கள் உட்பட. அதன் மின்நூல்கள் என்சிஇஆர்டி தளத்தில் இலவசம். தமிழ் வழியில் படிக்கிறவர்கள் மாநிலப் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை ஓரத்தில் எழுதிப் பழகுங்கள். தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி.

5. இப்போது திருப்புதல்

ஒரு பாடத்தை முதல்முறை முடித்த நாளைக் குறித்ததும், அதே பேனாவால் இன்னும் மூன்று நாள்களைக் குறியுங்கள்: மறுநாள், அந்த வார ஞாயிறு, ஒரு மாதம் கழித்து.

மறுநாள் 15 நிமிடம் போதும். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். ஞாயிறு அந்தப் பாடத்திலிருந்து 30 கேள்விகள், நேரம் வைத்து. ஒரு மாதம் கழித்து ஒரு மணி நேரம்: முதலில் கேள்விகள், பிறகு தப்பான இடங்களை மட்டும் புத்தகத்தில். இந்த வரிசை முக்கியம். பெரும்பாலோர் முதலில் முழுப் பாடத்தையும் வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போகிறார்கள். அப்போதுதான் வாசித்ததால் விடை வந்துவிடும், தெரியும் என்ற நினைப்பும் வந்துவிடும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வது அதிகம் நிற்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006-ல் மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை புரண்டுவிட்டது. நாளைக் காலைத் தேர்வுக்கு இரவு வாசித்தால் போதும் என்று நமக்குத் தோன்றுவதும், பத்து மாதம் தள்ளி வரும் தேர்வில் அது கைவிட்டுவிடுவதும் இதனால்தான்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளியில் நடக்கும் பிளஸ் டூ பாடங்கள், நீங்களே மீட்டெடுக்கும் பிளஸ் ஒன் பாடங்கள் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு மூன்று நான்கு முடிகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை திரும்ப வருவது என்றால் வாரம் ஒன்பது பத்து மணி நேரம் அதற்கே போகும். அதாவது 30-ல் மூன்றில் ஒரு பங்கு. முதல் மாதத்தில் இவ்வளவு தேவைப்படாது, ஆகஸ்டிலிருந்து முழுதாக வேண்டும். ஆகவே பிரிப்பு இப்படி: 10 மணி திருப்புதல், 10 மணி பள்ளியோடு ஓடும் பிளஸ் டூ பாடம், 10 மணி பிளஸ் ஒன் பாடம்.

பிளஸ் ஒன்னில் 42 பாடங்கள். ஜூனிலிருந்து டிசம்பர் வரை காலாண்டு, அரையாண்டு, பண்டிகை வாரங்களைக் கழித்தால் 24 வாரம் தேறும். வாரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. இப்படி எண்ணிப் பார்த்தால் மலைப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனால் ஜூன், ஜூலையை "இன்னும் நாள் இருக்கிறது" என்று விட்டால் இந்தக் கணக்கு வாரம் மூன்றாகிவிடும், அதற்கு நேரம் இல்லை.

6. ஒரு வாரம்

காலை நேரம் கணக்குக்கு: இயற்பியல், இயற்பிய வேதியியல். தலை தெளிவாக இருக்கும்போது மோல் கணக்கும் சுழற்சி இயக்கமும் செய்வது நல்லது. இரவு முதல் பாதி அன்றைக்குப் பள்ளியில் நடந்த பாடம், இரண்டாம் பாதி உயிரியல் அல்லது கரிம வேதியியல். படுக்கும் முன் நேற்றைய பாடத்துக்கு அந்த 15 நிமிடம். ஒரே பாடத்தை நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நாளில் இரண்டு பாடமாவது மாறட்டும்.

மணிக்கு மணி எழுதாதீர்கள். "6:00 முதல் 6:45 வரை நிலைமின்னியல்" என்று எழுதினால் 6:20-க்கு உட்கார்ந்த அன்றே மனம் விட்டுப்போகும். "காலை: மின்தேக்கி 20 கணக்கு" என்று வேலையை எழுதுங்கள். முடிந்தால் அடித்துவிடுங்கள். முடியாதது அந்த மாதத்தின் காலி நாளுக்குப் போகும், அடுத்த நாளின் தலையில் ஏறாது.

மூன்றையும் ஒரே மாதிரி படிக்க முடியாது. இயற்பியலுக்கு வாய்பாட்டுத் தாள் ஒன்றும் கணக்குப் பயிற்சியும் போதும், வாசிப்பதில் பயன் குறைவு. கனிம வேதியியலை அடிக்கடி, சிறிது சிறிதாக. உயிரியலில் வரி வரியாகப் படிப்பதும், படங்களைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறிப்பதும்.

7. மாதிரித் தேர்வும் தப்பு நோட்டும்

நீட் மதியம் 2 முதல் 5 வரை நடக்கிறது. சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம், மே மாத வெயில் வேறு. அக்டோபரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறாவது அதே நேரத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஓஎம்ஆர் தாளில் (விடைக்கு வட்டம் நிரப்பும் தாள்) கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். முதலில் முடித்த பாடங்களில் மட்டும் 90 கேள்வி, ஜனவரியிலிருந்து முழுத்தாள். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, வட்டங்களைச் சரிபார்க்க 15 என்று தொடங்கிப் பார்த்து, உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வட்டங்களை மொத்தமாகக் கடைசியில் நிரப்புவது ஆபத்து. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கானதை நிரப்புங்கள். நிரப்பியதை அழிக்க வழி கிடையாது.

எத்தனை கேள்வியைத் தொடுவது என்பதையும் இங்கேதான் பழக வேண்டும். 150-க்கு விடை எழுதி 140 சரி, 10 தவறு என்றால் 550. அதே ஆள் மீதி 30-ஐயும் தோராயமாகக் குறித்து அதில் 5 மட்டும் சரியானால் 545. ஐந்து குறைந்துவிட்டது. ஆனால் நான்கில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் குறிப்பது நல்லது, சராசரியாக ஒன்றரை மதிப்பெண் உங்கள் பக்கம் நிற்கும்.

தேர்வு எழுதுவதைவிட மறுநாள் வேலை பெரியது. ஒரு நோட்டில் ஒவ்வொரு தப்புக்கும் காரணம் எழுதுங்கள். நான்கு காரணங்கள்தான் வரும்: பாடமே தெரியாது, தெரிந்தது மறந்துவிட்டது, கணக்கில் கை தவறியது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. கடைசி வகை பலருக்கு நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். "தவறான கூற்று எது" என்று கேட்டிருப்பார்கள், சரியான கூற்றைக் குறித்திருப்போம். அதற்கு மருந்து இன்னும் படிப்பது இல்லை, கேள்வியில் "தவறான" என்ற சொல்லை வட்டமிடுவது. மறந்துவிட்டது என்று வரும் பாடங்களை எடுத்து, காலண்டரில் அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கூடுதல் திருப்புதல் போடுங்கள். அட்டவணையை மாற்றுகிற அதிகாரம் இந்த நோட்டுக்கு மட்டும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்ற செய்திக்கு வேண்டாம்.

8. பிப்ரவரியும் மார்ச்சும்

செய்முறைத் தேர்வை வெட்டிவேலை என்று நினைக்காதீர்கள். இப்போதைய நீட் பாடத்திட்டத்தில் இயற்பியலுக்குச் செய்முறைத் திறன் தனி அலகு: வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல் எல்லாம் அதில் வருகின்றன. வேதியியலிலும் உப்புப் பகுப்பாய்வு, தரம்பார்த்தல் கேள்விகளாக வரும். ஆய்வகத்தில் நின்று செய்த பிள்ளைக்கு அது சும்மா கிடைக்கும் மதிப்பெண்.

மார்ச்சில் பொதுத்தேர்வுதான் முதல். தேர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நீட்டுக்கு என்று தினம் 30 உயிரியல் கேள்வி மட்டும் போட்டுக் கையைச் சூடாக வைத்திருங்கள். மொழிப்பாடத்தை அலட்சியம் செய்து பிறகு வருந்துவதில் அர்த்தமில்லை.

9. பொதுத்தேர்வுக்குப் பிறகு

2025-ல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது, நீட் மே 4-ல் நடந்தது. நடுவில் 39 நாள். உங்கள் ஆண்டிலும் ஏறத்தாழ இவ்வளவுதான் இருக்கும். இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். அடுத்த 21 நாள் 79 பாடங்களையும் ஒரு சுற்று, நாளுக்கு நான்கு. மூன்று முறை ஏற்கெனவே பார்த்தவர்களால்தான் இந்த வேகத்தில் போக முடியும். அப்புறம் 12 நாள்: ஒரு நாள் முழுத்தேர்வு, மறுநாள் அலசல், ஆக ஆறு தேர்வு. கடைசி நான்கு நாள் தப்பு நோட்டும் வாய்பாட்டுத் தாளும் மட்டும். புதுப் புத்தகம், புதுக் கேள்வி வங்கி, யூடியூபில் "வரப்போகும் 50 கேள்விகள்" எதையும் திறக்காதீர்கள்.

இந்த 39 நாளில் சில மையங்கள் நடத்தும் தீவிரப் பயிற்சியில் சேரலாமா என்று கேட்பார்கள். தினமும் தேர்வு வைத்து அலசினால் பயன் உண்டு. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பாடம் நடத்தினால் வீட்டிலேயே இருங்கள்.

மறுபடி எழுதுகிறவர்களுக்கு

உங்களுக்கு நேரம் அதிகம், அதுவே சிக்கல். பள்ளி மணி அடிக்காத நாளில் எட்டு மணி நேரம் ஒழுங்காகப் படிப்பது எளிதில்லை. முடிந்தால் நூலகம் போன்ற ஓர் இடத்தில் காலை முதல் மாலை வரை உட்காருங்கள். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். தேசியத் தேர்வு முகமை வெளியிடும் விடைக்குறிப்பையும் உங்கள் ஓஎம்ஆர் நகலையும் வைத்து, போன முறை போன ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அந்த நான்கு காரணங்களில் பிரியுங்கள். முதல் இரண்டு மாத அட்டவணை அந்தப் பட்டியலிலிருந்து வரட்டும்.

தேர்வு நாள்

நுழைவாயில் 1:30-க்கு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தக் காரணம் சொன்னாலும் உள்ளே விடமாட்டார்கள். மையம் வேறு ஊரில் என்றால் முந்தைய நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். அரைக்கை உடையும் செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள், நகை வேண்டாம். நுழைவுச் சீட்டில் எழுதியிருக்கும் ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பேனாவை மையத்திலேயே தருவார்கள். மதியச் சாப்பாட்டை 11 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சமாக, வழக்கமாகச் சாப்பிடுவதையே.